தர்மம் கேட்கவில்லை, பிரஜாவுரிமை கேட்கிறார்கள்

அதிராம்பட்டினத்தில் இப்போது புது வீடுகளுக்குக் குறைச்சல் இல்லை. அரபு நாட்டு வெயிலில் காய்ந்து சம்பாதித்த காசு இங்கே தெருவுக்குத் தெரு மாடியாக எழுந்து நிற்கிறது. அப்படி ஒரு வீட்டின் முகப்பில் சாரம் கட்டி நாலு பேர் பட்டி பார்த்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் சாரத்தை விட்டு இறங்கி எதிரே இருந்த டீக்கடைக்கு வந்தார்கள். சங்க வேலையாகப் போயிருந்த நானும் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

நாலு பேரில் மூன்று பேர் பட்டுக்கோட்டைப் பக்கத்து விவசாயத் தொழிலாளிகள். நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில் பிரஷ் பிடிக்கிறவர்கள். நாலாவது ஆள் ஒரு வாலிபர். பக்கத்து ஜில்லாவில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவர். பிறந்ததே முகாமில்தான். காலேஜில் படித்துப் பட்டமும் வாங்கியிருக்கிறார். பட்டம் வாங்கிய கை பட்டி பார்க்கிறது.

கூலி என்ன என்று விசாரித்தேன். எங்கே போனாலும் அது நமக்கு வழக்கமாகிவிட்டது. மூன்று பேருக்கு நாளொன்றுக்கு 900 ரூபாய். அந்த வாலிபருக்கு 700.

"ஏன் தம்பி, உங்களுக்கு மட்டும் 200 ரூபாய் குறைச்சல்?"

அவர் டீக் கிளாஸைப் பார்த்துச் சிரித்தார். "உனக்குத்தான் கவர்மெண்டு அரிசியும் பணமும் குடுக்குதே, அப்புறம் என்னன்னு மேஸ்திரி கேட்கிறார், ஐயா."

"நீங்கள் கேட்டுப் பார்க்கக் கூடாதா?"

"கேட்டா நாளைக்கு வேற ஆளைக் கூட்டிட்டு வருவார். நாங்க எங்க போய்ச் சொல்றது? ஏதாவது சத்தம் வந்தா கியூ பிராஞ்சுக்குத்தான் முதல்லே போகும்."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த மூவரில் ஒருவர் குறுக்கே விழுந்தார். "தோழரே, தப்பா நினைக்காதீங்க. இவங்கள்லாம் வந்துதான் எங்க கூலியும் கெட்டுப்போச்சு. நம்ம புள்ளைங்களுக்கே வேலை இல்லாதப்ப, ஊர் உலகத்துக்கெல்லாம் நாம சோறு போடணுமா?"

இந்தப் பேச்சை நான் எடுத்தெறிந்துவிட மாட்டேன். அது வயிற்றிலிருந்து வந்த பேச்சு. பத்திரிகையில் எழுதுகிறவன் மனிதாபிமானம் என்று நாலு வரி எழுதிவிட்டுப் போகலாம். 900 ரூபாய் வாங்குகிறவன், பக்கத்தில் 700 ரூபாய்க்கு ஒரு ஆள் நிற்கும்போது எப்படித் தூங்குவான்? ஆகவே இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அன்றைக்கு முதல் பதிலைச் சொன்னவர் நான் அல்ல. கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர். உப்பளத்தில் வேலை பார்த்துக் காலெல்லாம் வெடித்துப்போனவர். "ஏண்டா தம்பி, என் பாட்டன் சிலோனுக்குப் போனானே, எந்தச் சீட்டை வச்சிக்கிட்டுப் போனான்? ராத்திரியிலே தோணி ஏறிப் போனான். அங்கே போனதும் அவனைக் கள்ளத்தோணின்னு சொன்னான். இப்ப நீ இந்தப் புள்ளையைச் சொல்றே" என்றார்.

கடையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இந்தக் கரையிலிருந்து போனவர்கள்

கள்ளத்தோணி என்ற சொல்லை நம்முடைய இளைஞர்களில் பலர் கேட்டிருக்க மாட்டார்கள். இலங்கை சுதந்திரம் அடைந்து, விசா என்றும் பெர்மிட் என்றும் கெடுபிடி வந்த பிறகு, இந்தக் கடற்கரையிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாகத் தோணியேறி வடஇலங்கையில் இறங்கிப் பிழைக்கப் போனவர்கள் உண்டு. அவர்களுக்கு வைத்த பெயர் அது. பிறகு அந்தப் பெயரை, முறைப்படி கப்பலேறிப் போய் மூன்று தலைமுறையாகத் தேயிலை பறித்த தோட்டத் தொழிலாளிகள் எல்லோர் தலையிலும் சூட்டிவிட்டார்கள்.

அவர்கள் ஏன் போனார்கள்? சொகுசு தேடியா போனார்கள்? தஞ்சை ஜில்லாவின் சேரிகளுக்கு அது தெரியும். பண்ணையாள் வாய் திறந்தால் சாணிப்பால், நிமிர்ந்து நின்றால் சவுக்கடி. அந்தக் காலத்தில் ஊரை விட்டு ஓட முடிந்தவன் ஓடினான். நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்குப் போனான். தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்து ஜனங்கள் கங்காணி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு கண்டிச் சீமைக்குப் போனார்கள். ஆரம்ப நாட்களில் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கு வைத்தவன் இல்லை. போய்ச் சேர்ந்தவனுக்கோ கங்காணியின் கடன் கழுத்தில். துண்டு முறை என்று ஒன்று இருந்தது. இவன் இவ்வளவு பாக்கி என்று எழுதிய ஒரு சீட்டு. அந்தப் பாக்கியைத் தீர்க்காமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. மிராசுதாரிடம் தப்பியவன் துரையிடம் மாட்டினான். 1921இல்தான் அந்த முறையைச் சட்டத்தால் ஒழித்தார்கள்.

இவர்கள் உழைப்பில்தான் இலங்கைத் தேயிலை உலகச் சந்தைக்குப் போயிற்று. ஆனால் 1947 தேர்தலில் இவர்கள் வோட்டுப் போட்டபோதுதான் சங்கடம் வந்தது. இலங்கை இந்தியர் காங்கிரஸின் சார்பில் ஏழு பேர் பார்லிமெண்டுக்குப் போனார்கள். வேறு சில தொகுதிகளில் தோட்டத் தொழிலாளிகளின் வோட்டு இடதுசாரிகளுக்கு விழுந்தது. கொழும்பு முதலாளிகளின் சர்க்கார் இதைப் பொறுக்குமா? 1948இல் ஒரு பிரஜாவுரிமைச் சட்டம், 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம். லட்சக்கணக்கான தொழிலாளிகளின் வோட்டு போயிற்று, நாடும் போயிற்று. தமிழன் என்பதற்காக மட்டுமே பறித்தார்கள் என்று சொல்லுகிறவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்லுகிறார்கள். தொழிலாளி என்பதற்காகவும் பறித்தார்கள். அந்தச் சட்டத்தை எதிர்த்து அந்தப் பார்லிமெண்டில் சிங்கள இடதுசாரிகளும் வோட்டளித்தார்கள். அதே சமயத்தில் வேறு சில தமிழ்ப் பிரமுகர்கள் சர்க்கார் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டதும் சரித்திரத்தில் இருக்கிறது.

பிறகு 1964 அக்டோபர் 30ஆம் தேதி டில்லியில் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 9,75,000 பேரைப் பாகம் பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பத்து வருஷம் கழித்து, 1974இல், ஆளுக்குப் பாதியாக 75,000 வீதம் பிரித்துக்கொண்டார்கள். ஆடு மாடு பிரிப்பதானாலும் அவற்றைக் கொட்டிலில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பிரிப்பார்கள். இந்த ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் ஒருவரிடமும் உனக்கு எங்கே இருக்க இஷ்டம் என்று ஒப்பந்தத்துக்கு முன் கேட்கவில்லை.

தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கினார்கள். சிலருக்கு நீலகிரியில் சர்க்கார் தேயிலைத் தோட்டத்தில் வேலை. சிலருக்கு நூற்பு ஆலையில் வேலை. கோவைப் பக்கத்து மில் தோழர்களில் வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும், பக்கத்து மெஷினில் நின்றவர் பேசும்போது மலையகத்து இழுப்பு இருந்திருக்கும். பலருக்குக் கடன் என்று ஒரு தொகையைக் கையில் கொடுத்து, வியாபாரம் செய்து பிழைத்துக்கொள் என்று விட்டார்கள். தேயிலை பறிக்கத் தெரிந்தவள் கடை வைத்தால் என்ன ஆகும்? ஆறு மாதத்தில் கடையும் இல்லை, கடன் மட்டும் இருந்தது.

ஒரே கொட்டகை, நாலு காலம்

மண்டபம் என்ற ஊரை ராமேசுவரம் ரயிலில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே உள்ள முகாமின் கதையைச் சொன்னால் இந்த விஷயம் முழுவதும் விளங்கிவிடும். வெள்ளைக்காரன் காலத்தில் அதை நடத்தியது இலங்கை சர்க்கார். தோட்டத்துக்குப் போகும் கூலிகளை அங்கே சில நாள் அடைத்து வைத்து, அம்மை ஊசி போட்டு, துணிமணிக்கு மருந்தடித்து, நோயில்லை என்று தெரிந்த பிறகுதான் கப்பலேற்றுவார்கள். நோயாளிக் கூலியைத் துரை வாங்க மாட்டான் அல்லவா? 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அதே இடத்தில் திரும்பி வந்தவர்களைத் தங்க வைத்தார்கள். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களை வீடு வீடாகத் தேடிக் கொளுத்திய பிறகு, படகில் வந்தவர்களை அதே இடத்தில் தங்க வைத்தார்கள். 2022 மார்ச்சில் இலங்கையில் பால்மாவும் மண்ணெண்ணெயும் கிடைக்காமல் ஜனங்கள் பட்டினியில் ஓடி வந்தார்களே, தனுஷ்கோடிக்கு அப்பால் மணல் திட்டில் படகுக்காரன் இறக்கிவிட்டுப் போக, பிள்ளைகளோடு வெயிலில் நின்றார்களே, முதலில் வந்தவர்களைப் பாஸ்போர்ட் இல்லை என்று கைது செய்து, பிறகு கொண்டுபோய்ச் சேர்த்ததும் அதே மண்டபத்தில்தான்.

கூலியாகப் போகும்போதும் அந்தக் கொட்டகை. கூலி முடிந்து துரத்தப்பட்டு வரும்போதும் அந்தக் கொட்டகை. கலவரத்துக்கும் அதுதான், பட்டினிக்கும் அதுதான். இவ்வளவு காலமும் அதற்குப் பெயர் தற்காலிகத் தங்குமிடம்!

1983க்குப் பிறகு வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கு மேல். பலர் திரும்பிப் போனார்கள், சிலர் வேறு தேசங்களுக்குப் போனார்கள். 2021இல் சர்க்கார் சட்டசபையில் சொன்ன கணக்குப்படி முகாம்களுக்குள் 58 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள், வெளியே 34 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள். முகாமில் இருப்பவர்களில் கணிசமானவர்கள் மலையகத்தார். அதாவது, நம்முடைய தாத்தாக்களோடு பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள். 1964 ஒப்பந்தப்படியே இந்தியப் பிரஜையாகி வந்திருக்க வேண்டிய குடும்பங்களும் இவர்களில் உண்டு. 1984இல் கப்பல் நின்றுபோனதால் அந்த வழி அடைபட்டது. உயிர் தப்பப் படகில் வந்தார்கள். கப்பலில் வந்திருந்தால் பிரஜை, படகில் வந்ததால் அகதி.

சத்திரம் யாருடையது?

2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு வழக்கு நடந்தது. இலங்கைத் தமிழர் ஒருவர், ஒரு வழக்கில் தண்டனையை அனுபவித்து முடித்தவர், பெண்டாட்டி பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள், திரும்பிப் போனால் உயிருக்கு ஆபத்து, நாடுகடத்த வேண்டாம் என்று கேட்டார். 140 கோடி ஜனங்களோடு நாமே திண்டாடுகிறோம், எல்லா நாட்டாரும் வந்து தங்க இந்தியா என்ன தர்மசத்திரமா என்ற கருத்தில் நீதிபதி கேட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. மனு தள்ளுபடியாயிற்று. அந்த வழக்கின் சட்ட நியாயத்தை வக்கீல்கள் பேசட்டும். சத்திரம் என்ற சொல்லைப் பற்றித் தஞ்சைச் சீமைக்காரர்கள் ஒரு வார்த்தை சொல்லலாம்.

அதிராம்பட்டினத்துக்குப் பக்கத்திலேயே ராஜாமடம் இருக்கிறது. அந்தண்டை போனால் சேதுபாவாசத்திரம். ஊர்ப் பெயரிலேயே சத்திரம். இந்தக் கரையோரப் பாதைதான் ராமேசுவரத்துக்கு யாத்திரை போகும் பாதை. தஞ்சாவூர் மராத்திய ராஜாக்கள் வழிநெடுகச் சத்திரங்களைக் கட்டி வைத்தார்கள். கும்பினியார் அந்தச் செலவில் கை வைக்கப் பார்த்தபோது, 1801இல் சரபோஜி ராஜா ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். வருகிறவன் எந்த ஜாதி, எந்த மதம், எந்தத் தேசம் என்று பாராமல் சோறு போடுவது, நடுநிசியில் மணியடித்துச் சாப்பிடாதவன் யாராவது உண்டா என்று கூப்பிடுவது, வழியில் நோய் கண்டவனுக்கு வைத்தியம், பிள்ளைத்தாய்ச்சிக்குப் பிரசவம் பார்ப்பது, செத்தவனுக்கு அவனவன் முறைப்படி காரியம், அநாதைப் பிள்ளைக்குப் படிப்பு என்று அதில் விவரம் சொல்லுகிறார்.

ராஜாவைப் புகழ நான் வரவில்லை. அந்தச் சத்திரத்து அரிசி எவன் நட்டது, எவள் களை பறித்தது என்று நமக்குத் தெரியும். உழுதவன் சேரியில் நண்டும் நத்தையும் தின்றுகொண்டிருந்தபோதுதான் சத்திரத்தில் உலை கொதித்தது. ஆனால் ஒன்று. ராஜாக்கள் காலத்திலேயே, பண்ணையாளின் வேர்வையில் விளைந்த நெல் வழிப்போக்கனுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆகையால் இந்த ஜில்லாவில் சத்திரம் என்பது வசைச்சொல் அல்ல.

அது கிடக்கட்டும். இந்த ஜனங்கள் சத்திரத்துச் சோறு கேட்கவே இல்லை. கேட்பது வேறு.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2021 ஆகஸ்டில் தமிழக சர்க்கார் 317 கோடி 40 லட்ச ரூபாய்க்குத் திட்டம் அறிவித்தது. பழைய வீடுகளை இடித்துவிட்டு 7,469 புதிய வீடுகள் என்றார்கள். பணக்கொடையைக் குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 என்றும், மற்றப் பெரியவர்களுக்கு 1,000 என்றும், பிள்ளைகளுக்கு 500 என்றும் உயர்த்தினார்கள். அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். நல்லதுதான். பத்தடிக்குப் பத்தடி அறையில், தார்ச்சீலையை நடுவில் தொங்கவிட்டுக் கொண்டு, மாமனார் ஒரு பக்கம் மருமகள் ஒரு பக்கம் படுத்த குடும்பத்துக்குத் தனி வீடு பெரிய காரியம். அகதிகள் தாங்களே 1984இல் ஏற்படுத்திக்கொண்ட ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம் முகாமாகப் பிள்ளைகளின் படிப்புக்கும் பெண்களின் சேமிப்புக்கும் செய்த வேலையும் சிறியதல்ல. 1991இல் ராஜீவ் காந்தி கொலையான பிறகு, செய்யாத குற்றத்துக்கு முகாம் பிள்ளைகள் காலேஜ் வாசலில் நிறுத்தப்பட்ட காலத்தையும் பார்த்துவிட்டு வந்தவர்கள் அவர்கள்.

ஆனால் டீக்கடையில் அந்த மேஸ்திரி சொன்னதாகக் கேட்டீர்களே, அதை மறுபடி யோசித்துப் பாருங்கள். உனக்குத்தான் கவர்மெண்டு கொடுக்கிறதே என்கிறான். மாதம் 25 நாள் வேலை என்றால், நாளுக்கு 200 வீதம் 5,000 ரூபாய் அந்த ஆளின் கூலியில் பிடிக்கிறான். சர்க்கார் அவருக்குக் கொடுப்பது 1,500. ஒரு கையால் ஜனங்களின் வரிப்பணம் அகதிக்குப் போகிறது. இன்னொரு கையால் அதையும், அதைப்போல இன்னும் இரண்டு மடங்குக்கு மேலும் காண்டிராக்டர் எடுத்துக்கொள்கிறான். பெயர் அகதி நிவாரணம், லாபம் முதலாளிக்கு.

இப்படி எடுக்க அவனுக்கு எங்கிருந்து துணிச்சல் வருகிறது? அகதியிடம் காகிதம் இல்லை என்ற தைரியம்தான். முகாமில் குறித்த நாளில் செக்கிங் உண்டு. அன்றைக்கு வருவாய்த் துறை அதிகாரி முன்னால் ஆள் நிற்க வேண்டும். நின்றால்தான் பணக்கொடை. வெளியூரில் தங்கி வேலை செய்ய அனுமதி கேட்க வேண்டும். வோட்டு இல்லை, பாஸ்போர்ட் இல்லை, சர்க்கார் வேலைக்கு மனுப் போட முடியாது. இப்படிப்பட்ட ஆள் கூலி கேட்டு ஆபீசில் போய் நிற்பாரா? நிற்க மாட்டார் என்று மேஸ்திரிக்குத் தெரியும்.

காகிதம் ஏன் இல்லை?

1987 ஜூலை 1ஆம் தேதிக்கு முன் இந்த மண்ணில் பிறந்தவன், தகப்பன் யாரானாலும், இந்தியப் பிரஜை. அதற்குப் பிறகு பிறந்தவனுக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்று மாற்றினார்கள். 2003இல் இன்னொரு திருத்தம் வந்தது. பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவன் சட்டவிரோதக் குடியேறி. அவனுக்கு மனுச் செய்யவும் வழியில்லை. 2004 டிசம்பர் 3 முதல் பிறந்த பிள்ளையின் பெற்றோரில் ஒருவர் அப்படிப்பட்டவரானால், மற்றவர் இந்தியரானாலும் பிள்ளைக்குப் பிறப்பால் பிரஜாவுரிமை கிடையாது. குண்டு விழும்போது ஓடுகிறவன் எந்த ஆபீசில் போய்ப் பாஸ்போர்ட்டுக்கு மனுக் கொடுப்பான்?

2019இல் டில்லி சர்க்கார் குடியுரிமைச் சட்டத்தை மறுபடி திருத்தியது. பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 முடிவதற்குள் வந்தவர்களில் இந்துக்களுக்கும் சீக்கியர், பௌத்தர், ஜைனர், பார்சி, கிறிஸ்தவர்களுக்கும் வழி திறந்தார்கள். முஸ்லிமுக்கு இல்லை. இலங்கையிலிருந்து வந்தவன் எந்த மதமானாலும் இல்லை. இதை அதிராம்பட்டினம் ஜனங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதே வருஷம் ஜூனில் ஐகோர்ட்டின் மதுரைக் கிளை, முகாம்களில் இருக்கும் இந்திய வம்சாவளித் தமிழர்களின் மனுவைப் பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. தீர்ப்பு ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம். 2025 செப்டம்பரில் புதிய குடியேற்றச் சட்டம் அமுலுக்கு வந்தபோது, 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர் மேல் பாஸ்போர்ட் இல்லாத குற்றத்துக்கு நடவடிக்கை இல்லை என்று உத்தரவு போட்டார்கள். ஜெயிலில் போட மாட்டோம் என்கிறார்கள். பிரஜையாக்குவோம் என்று சொல்லவில்லை.

சரி, போர் முடிந்துதான் 2009லேயே ஆயிற்றே, திரும்பிப் போனால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. போக விரும்புகிறவர்கள் போகட்டும், போகவும் வழி செய்ய வேண்டும். ஆனால் 2025 மே மாதக் கடைசியில், ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் ஏற்பாட்டில் ஊர் திரும்பிய ஒரு முதியவரைப் பலாலி விமான நிலையத்திலேயே பிடித்தார்கள். குற்றம் என்ன? முன்னொரு நாளில் பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டை விட்டுப் போனாராம்! சத்தம் கிளம்பிய பிறகு விட்டார்கள். மலையகத்தாருக்கோ திரும்பிப் போக வீடும் இல்லை, நிலமும் இல்லை. இருந்தது தோட்டத்து லயத்தில் ஒரு காம்பிரா. அதிலும் இந்நேரம் வேறு ஆள் இருப்பான். இங்கே பிறந்த வாலிபனுக்கு அது கேட்ட கதை மட்டுமே.

இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை என்றானால் மனிதன் என்ன செய்வான்? 2014 ஜூனில் புதுச்சேரிக் கரையிலிருந்து 157 தமிழர்கள், குழந்தை குட்டிகளோடு, ஒரு படகில் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார்கள். அந்த நாட்டு சர்க்கார் நடுக்கடலில் மறித்துச் சுங்கக் கப்பலில் ஏற்றி, கரையையே காட்டாமல் கிட்டத்தட்ட ஒரு மாதம் அடைத்து வைத்து, கடைசியில் நவுரு என்ற தீவில் கொண்டுபோய்ப் போட்டது. இந்தியா என்னை வழிப்போக்கன் என்கிறது, அடுத்த நாடாவது வீட்டுக்காரன் என்று சொல்லுமா என்று பார்த்தவர்கள் அவர்கள்.

அகதிகளின் அந்தஸ்து பற்றி 1951இல் உலக நாடுகள் ஒரு உடன்படிக்கை செய்தன. இந்தியா அதில் இதுவரை கையெழுத்துப் போடவில்லை. அகதி யார், அவனுக்கு என்ன உரிமை என்று சொல்ல நம் நாட்டில் தனிச் சட்டமும் இல்லை. சட்டம் இல்லாத இடத்தில் தயவு இருக்கும். தயவு மந்திரிசபைக்கு மந்திரிசபை மாறும்.

2018 நவம்பர் 16 விடியற்காலையை நினைத்துப் பாருங்கள். கஜா புயல். பட்டுக்கோட்டை, அதிராம்பட்டினம், பேராவூரணி முழுவதும் தென்னை மரங்கள் சீப்பை ஒடித்தாற்போலக் கிடந்தன. நாமெல்லாம் பள்ளிக்கூடத் தரையில் படுத்திருந்தோம். மெழுகுவத்திக்கு வரிசை, தண்ணீர்க் குடத்துக்கு வரிசை. நம்மை நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டு ரொட்டிப் பொட்டலம் கொடுத்தவர்களும் வந்தார்கள். ஒரு வாரத்தில் நமக்கு உடம்பு கூசிவிட்டது. ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்து, பிச்சை வேண்டாம் நஷ்டஈடு கொடு என்று கேட்டோம். அப்படிக் கேட்க முடிந்தது ஏன்? நம் கையில் வோட்டுச் சீட்டு இருந்தது. அந்த வரிசையில் நாற்பது வருஷம் நிற்கிறவரை நினைத்துப் பாருங்கள். மறியலில் உட்கார்ந்தால் அவருக்கு நஷ்டஈடு வராது, போலீஸ்தான் வரும்.

வெளியூர் ஆளை இறக்கி உள்ளூர்க் கூலியை உடைப்பது மிராசுதாரர்களின் பழைய வித்தை. வெண்மணியில் 1968இல் நடந்த கூலிச் சண்டைக்குள்ளும் அது இருந்தது. அந்த 44 உயிர்களைக் கொளுத்தியவர்கள் வந்திறங்கிய கூலிகள் அல்ல, இறக்கியவர்கள். இதை அந்த டீக்கடையில் சொன்னேன். பக்கத்தில் நிற்கும் ஆளை முகாமுக்குத் துரத்திவிட்டால் மேஸ்திரி ஒரிசாவிலிருந்து ஆள் கொண்டு வருவான், அவனையும் துரத்தினால் இன்னொரு தேசத்திலிருந்து கொண்டு வருவான். 700க்கு ஆள் கிடைக்கிற வரைக்கும் உங்கள் 900க்கு ஆயுசு இல்லை. அவருக்கு 900 ஆகிற அன்றைக்குத்தான் மேஸ்திரிக்கு அவரைத் தேட வேண்டிய காரியம் இருக்காது என்றேன். குறுக்கே பேசிய தோழர் சட்டென்று ஒப்புக்கொள்ளவில்லை. "யோசிக்கணும்" என்றார். யோசிக்கட்டும்.

சர்க்காரிடம் கேட்க வேண்டியது அதிகம் இல்லை. இங்கே பிறந்தவர்களுக்கும், 1964 ஒப்பந்தப்படி இந்தியாவின் பங்காக எழுதப்பட்ட குடும்பங்களுக்கும் உடனே பிரஜாவுரிமை. மற்றவர்களில் தங்க விரும்புகிறவருக்கு மனுச் செய்யும் உரிமை. அதுவரையில் வேலை செய்யவும், கூலிக் கோர்ட்டுக்குப் போகவும், சங்கத்தில் சேரவும் தடையில்லை என்று எழுத்தில் ஓர் உத்தரவு. மதம் கேட்காத ஓர் அகதிச் சட்டம். இதைப் பிரஜாவுரிமை இல்லாதவர்கள் வோட்டுப் போட்டுப் பெற முடியாது. வோட்டு இருக்கிற நாம்தான் கேட்க வேண்டும்.

நாலே முக்காலுக்கெல்லாம் அந்த வாலிபர் பிரஷ்ஷைக் கழுவ ஆரம்பித்தார். மறுநாள் செக்கிங், இன்றைக்கு ராத்திரி முகாமில் இருந்தாக வேண்டும், இரண்டு பஸ் மாற வேண்டும். மூவரில் இன்னொருவர், அதுவரை வாயே திறக்காதவர், அவருடைய பட்டித் தகட்டையும் சேர்த்து வாங்கிக் கழுவி வைத்தார். "நீ ஓடு, பஸ்ஸை விட்டுடாதே. மேஸ்திரி சனிக்கிழமை கணக்குப் பார்க்க வருவான். நாலு பேரும் ஒண்ணா நிப்போம். தொள்ளாயிரம்னா நாலு பேருக்கும் தொள்ளாயிரம்" என்றார்.

இந்தச் சனிக்கிழமை என்ன ஆயிற்று என்று அடுத்த வாரம் எழுதுகிறேன்.